டியர்பார்னில் ஒரு பழைய மஸ்டாங்

டெட்ராய்ட்டை அடுத்த டியர்பார்ன் நகரின் தென்பகுதியில், ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் தொழிற்சாலைக்கு அருகிலேயே பள்ளிவாசலும் உள்ளது. லெபனானிலிருந்தும் யமனிலிருந்தும் வந்த முஸ்லிம்கள் பலர் அத்தொழிற்சாலையை நம்பியே இங்குக் குடியேறினர்.

அஸர் தொழுதபின் யமனியச் சகோதரர் ஒருவர் தமது கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். உள்ளே 1965-ஆம் ஆண்டு மஸ்டாங் கார். குளிர்காலத்தில் பனியுருகச் சாலையில் தூவும் உப்பு அடித்தகட்டை அரித்திருந்தது. துருவேறிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைத்துக் கொண்டிருந்தார்.

“இதற்காகும் செலவில் புதிய காரே வாங்கலாமே?” என்றேன், பேதைமையால்.

“இவ்வகைக் கார்களுக்குக் கதவு பொருத்தியவர் என் வாப்பா. ஒருநாளும் இதில் ஏறியதில்லை. ஆகஸ்டில் உட்வர்டு சாலையில் பழைய கார்கள் அணிவகுக்கும். அதற்குள் முடித்துவிட வேண்டும், இன்ஷா அல்லாஹ்.”

வாசலில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த முதியவர் நிமிர்ந்து பார்த்தார். “இடப்பக்கக் கதவு சரியாகப் பொருந்தவில்லை” என்றார்.