மரத்தடியில் கிடந்த அப்துல் காதிர்

ஃபஜ்ர் தொழுது திரும்பும் வேளையில், மரக்காணத்தைக் கடந்து செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தலைக்கவசம் அணிந்த சைக்கிள் வீரர்கள் விரைவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அது உடற்பயிற்சி. சைக்கிள் மிதிப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்த ஒரு முஸ்லிமைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

அவர் பெயர் அப்துல் காதிர் ஸாஃப். 1917இல் அல்ஜீரியாவில் பிறந்தவர். அந்நாடு அப்போது பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1950ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியில் வட ஆப்பிரிக்க அணிக்காக ஓட்டினார். ஜூலை 27 அன்று, பெர்ப்பிஞானிலிருந்து நீம் நகருக்குச் செல்லும் கட்டம். தென் பிரான்சின் கோடை அனலாய்க் கொதித்தது. ஸாஃபும் அவர் அணியைச் சேர்ந்த மார்செல் மொலினெஸும் கூட்டத்தை வெகுதூரம் பின்னே விட்டு முன்னேறினர். எல்லைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இருக்கையில் ஸாஃபின் வண்டி சாலையின் இருமருங்கும் தள்ளாடியது. இறங்கியவர் மரத்தடியில் சாய்ந்துவிட்டார். பின்னர் விழித்தெழுந்து, வண்டியேறி, வந்த வழியே திரும்பி ஓட்டத் தொடங்கினார்! மொலினெஸ் தனியே சென்று வென்றார்.

அப்பகுதி திராட்சைத் தோட்டங்கள் நிறைந்தது. ஸாஃபின் மேனியில் மது நாற்றம் வீசியது. அவ்வளவுதான், ‘குடித்துவிட்டு உறங்கியவர்’ என்ற பெயர் பிரான்சு முழுதும் பரவிற்று. மயங்கிக் கிடந்தவரைத் தெளிவிக்க, அங்கிருந்தோர் கைக்கு எட்டிய மதுவை அவர் மீது ஊற்றினர் என்பது மற்றொரு கூற்று. அவரோ மதுவைத் தொடாத முஸ்லிம் என்றே சொல்லப்படுகிறது. மயங்கியது வெயிலாலா, அக்கால வீரர்கள் விழுங்கிய ஊக்க மாத்திரையாலா என்பதிலும் இருவேறு பேச்சு உண்டு. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

உப்பளத்தில் பாடுபடுவோர்க்கு இதில் வியப்பிராது. சித்திரை வெயிலில் உப்பு வாரும்போது வியர்வையோடு உடலின் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. உடற்சூடு ஏறினால் கால் பின்னும், நாக்குக் குழறும், திசை மறக்கும். அறியாதவன் ‘காலையிலேயே போட்டுவிட்டான்’ என்பான். அறிந்தவன் நிழலுக்குத் தூக்கிச் சென்று, உப்பிட்ட நீராகாரம் கொடுப்பான். செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ளுமாறு சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் முஃமின்களுக்குக் கட்டளையிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு அதை ஓதிக்கொடுக்கும்போதெல்லாம் நாம் உப்பளத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு.

பெயர் கெடுவது எப்படி என்பது எக்கியார்குப்பத்துக்கும் தெரியும். 2023 மே மாதம், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் இங்கே 10க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. நடந்தது நடந்ததே, அதை மறைக்க நாம் முயலவில்லை. ஆயினும் அதற்குப் பின், வெளியூரில் சம்பந்தம் பேச அமர்ந்து ஊர்ப்பெயரைச் சொன்னால், எதிரே இருப்பவர் புருவம் உயர்கிறது. விடியுமுன் கடலுக்குச் செல்பவரும், மதுவின் வாடையே அறியாத வீட்டுப் பெண்ணும் அந்தப் புருவத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸாஃபின் நிலை இன்னும் விசித்திரமானது. அக்கால வீரர்களுக்குப் பெரிய போட்டியில் கிடைத்ததைவிட, அது முடிந்தபின் சிற்றூர்களில் நடக்கும் காட்சிப் பந்தயங்களில் பெற்ற அழைப்புக் கூலியே பெரிய வருவாய். யாரைக் காணக் கூட்டம் வருமோ அவருக்கே அழைப்பு. மரத்தடியில் கிடந்தவரைக் காண மக்கள் வந்தனர். வென்ற மொலினெஸைவிட விழுந்த ஸாஃபே புகழ்பெற்றார். தம் மீது சுமத்தப்பட்ட பழியே வீட்டில் அடுப்பெரியச் செய்யும்போது ஒருவர் என்ன செய்வார்? அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. சிரித்தவர்கள் விலை கொடுத்தனர். அவர் வண்டி மிதித்தார்.

மறு ஆண்டு, 1951இல், ஸாஃப் மீண்டும் டூரில் கலந்துகொண்டார். மலைகளையும் வெயிலையும் கடந்து பாரிஸ் வரை ஓட்டி முடித்தார். 66 பேர் முடித்த அப்போட்டியில் அவர் 66ஆவது. கடைசியாக வருபவரை அங்கே ‘சிவப்பு விளக்கு’ என்பர், புகைவண்டியின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கை எண்ணி. 1986இல் அவர் காலமானார். அவரைப் பற்றி எழுதுவோர் இன்றும் அந்த மரத்திலிருந்தே தொடங்குகின்றனர்.