சுருக்குப் பையும் சுற்றி வரும் ரவிக்கைத் துண்டும்

செப்டம்பர் 8, திங்கள்

கொலுவுக்கு இன்னும் இரண்டு வாரம். பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்தேன். வருஷா வருஷம் தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துண்டுகள்தான் முக்கால்வாசி. அதில் ஒரு பச்சைத் துண்டு நான் எப்போதோ யாருக்கோ வைத்துக் கொடுத்தது. மதுரையைச் சுற்றிவிட்டு மடிப்புக் கலையாமல் என்னிடமே வந்திருக்கிறது. 80 சென்டிமீட்டர் துணி, நீளக் கை வைத்துத் தைக்கப் போதாது. நிறமோ எந்தப் புடவைக்கும் சேராது. பிறகு கைமாறாமல் என்ன செய்யும்? இந்த வருஷம் துண்டாகக் கொடுப்பதில்லை, சுருக்குப் பையாகத் தைத்தே கொடுப்பது.

செப்டம்பர் 9

துணி பிரித்தேன். கடைக்காரர் எல்லாவற்றையும் காட்டன் என்றுதான் சொல்லுவார். ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். உருகுகிற ரகமெல்லாம் பைக்குப் போகட்டும். அடுப்படிப் பிடிதுணிக்குப் பருத்தி மட்டும்தான். சூடான இரும்புக் கடாயைப் பாலியஸ்டரால் பிடித்தால் துணி உருகிக் கையில் ஒட்டும்.

செப்டம்பர் 11

மெஷின் சத்தம் கேட்டு அத்தை வந்தார். "மாளயபட்சத்துல புதுசு தைக்கலாமாம்மா?"

"புதுசு இல்லத்தை, எல்லாம் பழைய துணி."

"நூல் புதுசுதான?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் நின்றவர், உள்ளே போய்த் தன் பழைய சுங்குடிப் புடவையை எடுத்து வந்து மெஷின்மேல் வைத்தார். "இதையும் வெட்டிக்க. கிழிஞ்சதுதான்."

சௌராஷ்டிரர் வீடுகளில் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய அசல் சுங்குடி. தொட்டாலே புள்ளி மேடு தட்டுகிறது. இப்போது கடையில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பாலானது மெழுகு அச்சோ ஸ்கிரீன் அச்சோதான். இதை வெட்டக் கை வரவில்லை. ஆனால் வெட்டாமல் வைத்திருந்தால் பூச்சிதான் வெட்டும்.

செப்டம்பர் 13, சனி

நாடா வாங்கக் குன்னத்தூர் சத்திரம் போனேன். புதுமண்டபத்தில் தூண்களுக்கு நடுவே இருந்த கடைகள் இங்கே வந்தபின் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, பேரம்தான் படியவில்லை.

செப்டம்பர் 14

இன்றைக்குத்தான் வேலை ஓடியது. பைக்கு 8 அங்குல அகலம், 20 அங்குல நீளம். ஒரு ரவிக்கைத் துண்டில் நாலு பை தாராளமாக வரும். ஓவர்லாக் இல்லாத மிதி மெஷினுக்கு ஏற்ற வரிசை இது: முதலில் நீளவாட்டு ஓரம் இரண்டையும் கால் அங்குலம், கால் அங்குலமாக இரண்டு மடிப்பு மடித்து அடித்துவிட வேண்டும். பிறகு குறுக்கு முனைகளின் பிசிறை உள்ளே மடக்கி, மறுபடி ஒரு அங்குலம் மடித்து, நாடா நுழைய வழி விட்டு அடிக்க வேண்டும். நல்ல பக்கம் உள்ளே வர இரண்டாக மடித்து, நாடா வழிக்குக் கீழிருந்து பக்கங்களை மூட்டித் திருப்பினால் பை தயார். உள்ளே பிசிறு கிடையாது. 20 அங்குல நாடா இரண்டு. ஒன்றை இடப்பக்கம் நுழைத்துச் சுற்றி இடப்பக்கமே எடுத்து முடிச்சுப் போட வேண்டும், மற்றதை வலப்பக்கம். இரண்டையும் இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும்.

ஒரே துணியை மடித்துத் தைப்பதால் மயில், யானை அச்சு ஆகாது. ஒரு பக்கம் தலைகீழாக நிற்கும். சுங்குடிப் புள்ளிக்கு அந்தக் கவலை இல்லை.

செப்டம்பர் 17

பிடிதுணி. வெளியே பருத்தி, உள்ளே பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு. 16-ஆம் நம்பர் ஊசி மாற்றியபின்தான் மெஷின் முனகாமல் ஓடியது.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இதுல ஒரு பூத்தையல் போட்டா இன்னும் நல்லாருக்கும்ல?" என்றார். போடலாம்தான். நாள்கணக்கில் உட்கார்ந்து பூப்போட்டுக் கொடுத்தால், அடுத்த தடவை அவர்கள் வீட்டுக்குப் போகும்போது என் கண் அதைத் தேடும். காணோம் என்றால் மனசு கோணும். அவர்களும் பாவம், நான் வருகிறேன் என்று தெரிந்தால் அதை எடுத்து விரிக்க வேண்டும். அரைமணியில் தைத்த பையில் வெந்தயம் போட்டு வைக்கட்டும், சில்லறை வைக்கட்டும், தொலைக்கவும் தொலைக்கட்டும். எனக்குக் கணக்கில்லை. சீக்கிரம் தைத்ததைத்தான் என்னால் முழுசாகக் கொடுக்க முடிகிறது.

செப்டம்பர் 25

கொலுவுக்கு வந்த பெண்கள் தேங்காயை எதில் கொண்டு போவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. சுருக்குப் பையில் தேங்காய் போகாது. அத்தை ஒரு கட்டுப் பை எடுத்து வந்தார், துணி மாதிரியே பளபளப்பு. அது துணியே இல்லை, பாலிப்ரொப்பிலீன். 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் வந்த பிளாஸ்டிக் தடையில் இந்த நெய்யாத பையும் சேர்த்திதான். கல்யாண வீடுகளில் இன்னும் ஓடுகிறது. மாமாவின் பழைய வேட்டியில் மஞ்சப்பை தைக்க உட்கார்ந்தேன்.

அம்மாக்களோடு வந்த பிள்ளைகளுக்குச் சின்னப் பையில் ஐந்து கூழாங்கல் போட்டுக் கொடுத்தேன். அஞ்சாங்கல் ஆட எந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. பாட்டிகள்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 30

நாளைக்குச் சரஸ்வதி பூஜை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டால் மிதிக்கக் கூடாது. சாயங்காலம் வரப்போகிறவர்களுக்கு ஏழெட்டுப் பையாவது வேண்டும். தைத்தாயிற்று, நாடா கோக்கவில்லை. ஊக்கைக் காணோம். அத்தைதான் தன் வளையலில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்து, "கோத்துட்டு மறக்காமக் குடுத்துரு" என்றார்.