புகையாகப் போகும் எண்ணெய்

வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியின் விளிம்பு ஒருநாள் பட்டென்று கையோடு பெயர்ந்து வரும். வார்னிஷ் அடித்த வாசல் கதவு சில வருஷத்தில் மஞ்சளித்துப் பொருக்குத் தட்டும். இரண்டுக்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். வெயிலும் சூடும் மூலக்கூறுச் சங்கிலியில் ஒரு கண்ணியை உடைக்கின்றன. உடைந்த முனை ஆக்ஸிஜனோடு சேர்ந்து பக்கத்துச் சங்கிலியைக் கடிக்கிறது, அது அடுத்ததை. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று கலக்கப்படும் சேர்மானம் தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அணு ஒன்றைக் கொடுத்து இந்தத் தொடரை அறுக்கிறது. கொடுத்ததும் அதன் கதை முடிந்தது. கிலோ பிளாஸ்டிக்குக்குச் சில கிராம் போதும். அது தீர்ந்த பிறகுதான் வாளிக்கு வேகமாக வயசாகிறது.

இவற்றில் பல, பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் ஃபீனால் வகைகள். மரத்திலேயே விளைகிற ஃபீனால் ஒன்று எங்கள் மாவட்டத்தில் புகையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், ஆதனக்கோட்டை முந்திரிக்குப் பேர்போன ஊர். முந்திரி ஓட்டுக்குள் தேன்கூடு போன்ற அறைகளில் காரமான எண்ணெய் இருக்கிறது. பூச்சி விதையைத் தொடக்கூடாது என்று மரம் செய்துகொண்ட ஏற்பாடு. சூடுபட்டால் அதில் பெரும்பகுதி கார்டனால் என்ற ஃபீனாலாக மாறும். வார்னிஷுக்கும் பிரேக் லைனிங்குக்கும் அதிலிருந்து பிசின் செய்கிறார்கள்; ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் காக்கும் சேர்மானங்களும் செய்ய முடிகிறது.

சட்டியில் கொட்டை வறுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், “ஓட்டுல இருக்கிற எண்ணெய் என்னக்கா ஆகுது?” என்று கேட்டேன்.

“அதுதானே தம்பி எரியுது, பார்க்கலையா? எரியாம மிச்சமிருந்தா கையத் தின்னுரும்.”

சாம்பல் பூசிய விரல்களைக் காட்டினார். நுனியில் தோல் கறுத்து உரிந்திருந்தது.

பெரிய ஆலைகளில் கொட்டையை அந்த எண்ணெயிலேயே வறுத்து, வடிகிற எண்ணெயை விற்கிறார்கள். ஆவியில் வேகவைத்து உடைத்தால், ஓட்டைச் செக்கில் பிழிந்தும் எடுக்கலாம். இன்ஜினியரிங் படித்தவனுக்கு உடனே தோன்றுகிற தீர்வு இது: ஊருக்கு ஒரு பாய்லர், ஒரு செக்கு. அந்த அக்காவிடம் சொன்னபோது சிரித்தார். “அவிச்ச பருப்புக்கு யாரு தம்பி கார நிறுத்துவா?”

நியாயம்தான். நெருப்பில் சுட்ட அந்த வாசனைதான் அவருடைய வியாபாரம். அதை விட்டுவிட்டால் டப்பாவில் அடைத்த பருப்போடு விலையில் மோதவேண்டும். எண்ணெய்க்குக் கிடைக்கிற காசு அந்த நஷ்டத்தை ஈடுகட்டினால் மட்டுமே பாய்லர் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. கணக்கைப் போடாமல் அவரிடம் மாற்றத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை. பேரம் பேசாமல் வாங்குவதற்கு அந்த விரல்களே போதுமான காரணம்.