கண்முன் விரியும் வரைபடம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் பம்ப்செட்டுகளுக்கு வயரிங் வேலை செய்பவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. புதிய ஸ்டார்ட்டர் பெட்டி வந்தால், உள்ளே மடித்து வைத்திருக்கும் வரைபடத்தை என்னிடம் நீட்டுவார். கிணற்று மேட்டில் டார்ச் விளக்கைப் பிடித்தபடி, "ஏ1-இல் சிவப்பு, பி1-இல் மஞ்சள்" என்று படிப்பேன். அவர் விரல்கள் மளமளவென வேலை செய்யும். விளையாடப் போக முடியவில்லையே என்று எனக்குக் கோபம் வரும்.

சென்ற பருவத்தில் நூலகத்தில் ஒரு செய்தியைப் படித்துத் திடுக்கிட்டேன். விமானத்தினுள் ஓடும் கம்பிகளைக் கத்தை கத்தையாகக் கட்ட, போயிங் தொழிற்சாலையில் பெரிய பலகைகள் மீது வரைபடத்தை விரித்து வேலை செய்தார்கள். கத்தைக்குக் கத்தை பலகை மாறும். இதற்கு மாற்றாக 1992-இல் தாமஸ் காடெல், டேவிட் மிசெல் என்னும் இரு போயிங் ஆய்வாளர்கள் ஒரு வழி கூறினர். தொழிலாளி தலையில் ஒரு கருவியை அணிவார். எந்தக் கம்பி எவ்வழி செல்ல வேண்டும் என்பது அவர் கண்முன் கோடாகத் தெரியும். ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்னும் மிகை உண்மைக்குப் பெயர் கிடைத்தது அங்கேதான்!

இதன் உடன்பிறப்பு ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ என்னும் மெய்நிகர் உண்மை. முன்னது இருக்கும் பொருளின் மேல் குறிப்பை வரைகிறது. பின்னது இல்லாத உலகையே படைக்கிறது. 1993 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்கச் சென்ற வீரர்கள், தண்ணீர்த் தொட்டியில் மட்டுமன்றி மெய்நிகர் உலகிலும் ஒத்திகை பார்த்தனர். பின்னாளில் ஓரியன் விண்கலத்தைக் கட்டிய தொழிலாளர்கள், ஹோலோலென்ஸ் கருவியை அணிந்து, பாகங்களைப் பொருத்தும் இடங்களைக் கலத்தின் மீதே கண்டு வேலை செய்தனர்.

அப்படியானால் கிணற்று மேட்டில் நான் யார்? என் தந்தையின் கண்ணாடி அல்லவா!

இன்று நான் விடுதியில் இருக்கிறேன். புதுப் பெட்டி வந்தால் பக்கத்து வீட்டுத் தம்பி வரைபடத்தைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறான். வகுப்பு முடிந்து நான் பதில் சொல்வதற்குள், தண்ணீர் பாய்ச்சும் அவசரத்தில் சிலர் வேறு ஆளை அழைத்துக்கொள்கிறார்கள். என் படிப்பின் விலையில் அதுவும் ஒரு பகுதி. தந்தையார் அதைச் சொன்னதில்லை, அம்மாதான் சொன்னாள்.

விடுமுறையில் இந்தக் கருவியைப் பற்றி அவரிடம் விளக்கினேன். ஸ்க்ரூவை முடுக்கி, வழக்கம்போல் வயரை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எழுத்தைக் கண்ணாடி காட்டட்டும்ப்பா. இறுகிடுச்சான்னு கைதானே சொல்லணும்?"

நண்பர்களே! அந்தக் கைகளுக்குக் குறை ஒன்றுமில்லை, குறை எழுத்தில்தான். விமானக் கூடத்தில் பிறந்த அறிவு கிணற்று மேட்டுக்கும் வரவேண்டும்; தமிழில் வழிகாட்ட வேண்டும். அதைச் செய்ய முயல்வோரில் ஒருவனாக இருக்கவே நான் படிக்கிறேன்.