சங்கிலிச் சத்தம்

கோல்ஃப் தெரியும். டிஸ்க் கோல்ஃப் தெரியுமா? தெரியாவிட்டால் பாதகமில்லை, ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். பந்துக்குப் பதில் ஃப்ரிஸ்பீ மாதிரி ஒரு தட்டு. குழிக்குப் பதில் கம்பத்தில் ஓர் இரும்புக் கூடை, அதற்கு மேல் தொங்கும் சங்கிலிகள். தட்டு சங்கிலியில் மோதி, வேகம் இழந்து கூடையில் விழவேண்டும். எத்தனை குறைவான வீச்சில் போடுகிறீர்களோ அத்தனை சமர்த்து.

இந்தக் கூடையை உருவாக்கியவர் எட் ஹெட்ரிக். ஃப்ரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ கம்பெனிக்காரர். 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் மைதானம் அமைத்தார். 2002-ல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியை பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். (நாம் ஆற்றில் கரைக்கிறோம், அவர்கள் காற்றில் விட்டார்கள்!)

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று போட்டால் அது 'பட்'. வீசிய ஜோரில் தடுமாறி முன்னால் கால் வைத்தால் ஃபவுல். அதைவிடத் தூரத்திலிருந்து விழுந்தால்தான் ஜனங்கள் கூச்சல் போடுவார்கள்.

என் பையன் அமெரிக்காவில் இதை வாராவாரம் ஆடுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்பா, இன்னிக்கு அறுபதடியிலேர்ந்து ஒண்ணு விழுந்துது!" என்றான்.

"லக்குடா" என்றேன், சும்மா சீண்டுவதற்காக.

போனை வைத்துவிட்டான். பத்து நிமிஷம் கழித்து ஒரு வீடியோ வந்தது.

நீங்களும் தேடிப் பாருங்கள். 2021 ஜூன், யூட்டா மாநிலம், ஆக்டன். உலக சாம்பியன்ஷிப், கடைசி நாள், கடைசிக் கூடை. பால் மெக்பெத் ஒரு வீச்சு முன்னிலை. ஏற்கெனவே 5 முறை சாம்பியன். அந்த வருஷ ஆரம்பத்தில்தான் ஒரு தட்டுக் கம்பெனி அவரோடு 10 வருஷத்துக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தது. தட்டு எறிவதற்கு! எதிரே ஜேம்ஸ் கான்ராட். நீளமுடி, தாடி, கொஞ்சம் சாமியார் களை. அவர் தட்டு கிடக்கும் இடத்திலிருந்து கூடை 247 அடி. கிரிக்கெட் பிட்ச் 66 அடி. கிட்டத்தட்ட நாலு பிட்ச் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கூடைக்குப் பக்கத்தில் போட்டுப் புண்ணியமில்லை, உள்ளே விழுந்தே ஆகவேண்டும்.

ஓடிவந்து வீசுகிறார். தட்டு தூரத்தில் சின்னதாகி, தாழ்ந்து... சங்கிலிச் சத்தம். அப்புறம் அந்தக் கூச்சல்! இருவரும் சமம். டை-பிரேக்கில் முதல் கூடையிலேயே கான்ராட் ஜெயித்துவிட்டார். (மெக்பெத் பாவம் என்று உருகவேண்டாம். 2022-ல் ஆறாவது தடவை வாங்கிவிட்டார்.)

இதை லக் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 2016-ல் ஆரிகனில் ஃபைலோ பிராத்வெய்ட் சுமார் 530 அடியிலிருந்து உள்ளே போட்டாரே, அதை வேண்டுமானால் சொல்வேன். அங்கிருந்து கூடைக்குப் பக்கத்தில் விழுந்திருந்தாலே அவர் சந்தோஷப்பட்டிருப்பார். கான்ராட் குறிவைத்தது சங்கிலியை. தவிர, இந்த ஆட்டத்தில் நிஜ லக் வேறு ரகம். மரத்தில் பட்டுத் தெறித்து உள்ளே விழுந்தால் செல்லும். கச்சிதமாகச் சங்கிலியில் அடித்துத் துப்பிவிட்டால் செல்லாது. கூடையின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டாலும் செல்லாது. இதற்கெல்லாம் யாரிடம் முறையிட?

ராத்திரி திரும்பக் கூப்பிட்டேன். "அறுபதடிக்கு ஏண்டா இவ்வளவு கோபம்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"போன வாரம் ஆபீஸ்ல என் டீம்ல பாதிப் பேரை அனுப்பிட்டாங்கப்பா. லிஸ்ட்ல என் பேர் இல்ல. எல்லாரும் லக்கு லக்குங்கறாங்க. நீயும் அதையே சொன்னியா..."

"எத்தனை நாளா பிராக்டீஸ் பண்றே?"

"ரெண்டு வருஷமா. தினம் சாயங்காலம் ஐம்பது தடவை."

"அடுத்த வாரம் யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லி அனுப்பு. அம்மாவும் பார்க்கணுமாம்" என்றேன்.