ஓடையும் பள்ளமும்

செருப்புகளைப் பார்த்தாலே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வார் தைத்துத் தைத்து மெலிந்த தோல் செருப்பு ஒரு ஜோடி. அதன் மேலேயே கழற்றி எறிந்த இளஞ்சிவப்புக் குழந்தைச் செருப்பு. சற்றுத் தள்ளி, ஊக்கு குத்தி வாரைப் பிடித்துவைத்த நீல ரப்பர் செருப்பு. அளவு பெரியவருடையது, அதில் பதிந்திருந்த பாதத் தடமோ சின்னது.

கோவை கணபதிப் பக்கம் ஒரு கிளை நூலகம். ஞாயிறு காலை பத்து மணி.

நாளிதழின் நடுத்தாள்தான் எனக்குக் கிடைத்தது. முதல் பக்கத்தை வைத்திருந்த பெரியவர் இன்னும் அரைமணி நேரம் விடப்போவதில்லை. மேசைகளைக் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பிடித்துவிட்டார்கள். சொந்தக் கைடு, சொந்தத் தண்ணீர் பாட்டில். நூலகத்திடம் அவர்கள் கேட்பது மின்விசிறியும் அமைதியும் மட்டும். நடுத்தாளில் ஒரு வசதி உண்டு. அகலமாய் விரித்துப் பிடித்துக்கொண்டால் படிக்கிற பாவனையும் கிடைக்கும், ஓரத்தில் நடப்பதும் தெரியும்.

அந்த ஓரத்தில்தான் குழந்தைகள் பகுதி. பகுதி என்றால் ஒரு கோரைப்பாயும் இடுப்புயர இரும்பு அலமாரி இரண்டும். மேல் தட்டில் படக்கதைகள், நடுவில் நீதிக்கதைகள், கீழ்த்தட்டில் யாரும் எடுக்காத தடித்த புத்தகங்கள்.

தோல் செருப்புக்காரர் பாயில் சம்மணமிட்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மடியில் பாதியும் பாயில் பாதியுமாகப் பேத்தி. ஏழு வயதிருக்கும். கையில் ஒல்லியான படப் புத்தகம். அட்டையில் குட்டி யானை. மேலே ஆங்கிலம் ஒரு வரி, கீழே தமிழ் ஒரு வரி.

"அப்புச்சி, மேல இருக்கறது எனக்கு. கீழ இருக்கறது உங்களுக்கு."

"செரி அம்மிணி."

அவள் தன் வரியை ரயில் மாதிரி ஓட்டிவிட்டாள். இங்கிலீஷ் மீடியம், நாக்கு தடுக்கவில்லை. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலை எழுத்தின்மேல் வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். அஞ்சாம் வகுப்போடு நின்ற விரல் அது என்று பார்த்தாலே தெரிந்தது. குட்டி யானை தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போகிறது.

"ஓடைன்னா என்னங்க அப்புச்சி?"

"நாம பள்ளம்ங்கறம் பாரு, அதுதான்."

"சங்கனூர்ப் பள்ளமுங்களா? அது சாக்கடைங்க அப்புச்சி!"

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உன்ற வயசுல நான் அதுல குளிச்சிருக்கறேன் கண்ணு" என்றார்.

பேத்தி படத்தை மறுபடி பார்த்தாள். யானை இப்போது சங்கனூர்ப் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "யானைக்கு நாறாதுங்களா?"

ஓடைக்குப் புத்தகத்தில் இருந்தவை இரண்டு சொற்கள், ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. மூன்றாவதான 'பள்ள'த்தை அப்புச்சி வாயிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கூடவே, ஒரு பள்ளத்தில் ஒரு காலத்தில் தெளிந்த தண்ணீர் ஓடியது என்ற செய்தியையும். ஆங்கிலம் மட்டும் இருந்திருந்தால் அவள் தனியாகப் படித்து முடித்து எழுந்து போயிருப்பாள். தமிழ் மட்டும் இருந்திருந்தால் அவர் படிக்க, அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். இருமொழிப் புத்தகத்துக்கு இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது. அதன் விசேஷமே அதுதான்.

பாயின் மறுகோடியில் ரப்பர் செருப்புக்காரி. பத்து வயதிருக்கும். ஞாயிறன்றும் அரசுப் பள்ளிச் சீருடைப் பாவாடை. பக்கத்தில் தம்பி, மூன்றரை, நான்கு வயது. அவள் கையில் இருந்தது முழுக்கத் தமிழ்ப் புத்தகம், ஓர் அணில் கதை. வரியைக் கண்ணால் படித்தாள், உதடு மட்டும் அசைந்தது. பிறகு தம்பி பக்கம் திரும்பி வேறொரு மொழியில் சொன்னாள். இந்தி என்று முதலில் நினைத்தேன். இல்லை. அணில் படத்தில் விரலை வைத்து அவள் "குண்டுச்சி மூசா" என்றபோதுதான் புரிந்தது. ஒடியா.

தம்பி படத்தைத் தொட்டு "குண்டுச்சி" என்றான். அவள் தலையாட்டிவிட்டு, "அணில்" என்றாள். அவனும் "அணில்" என்றான். பக்கம் புரண்டது.

கணபதி, ஆவாரம்பாளையம் சந்துகளில் பம்ப்செட் பட்டறைகளையும் பவுண்டரிகளையும் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தை விளக்கத் தேவையில்லை. அப்பா உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றப் போயிருப்பார். வீடு, ஒரே வரிசையில் பத்துக் கதவு வைத்த லைன் வீடு. அந்தச் சிறுமி செய்துகொண்டிருந்த வேலைக்குப் பெயர் மொழிபெயர்ப்பு என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். பெரிய மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியை வைத்துக்கொண்டு திணறுகிற வேலை அது. அவள் தம்பியின் மூக்கைத் துடைத்துக்கொண்டே செய்தாள்.

நூலகர் அம்மாவுக்குக் கைபேசி அடித்தது. குரலைத் தணித்து, "ஊட்டா ஆயிதா?" என்றார். வீட்டில் கன்னடம். கொங்கில் தேவாங்கர் வீடுகளுக்கு இது புதிதில்லை. தறிக்குழியில் தலைமுறை தலைமுறையாகக் கன்னடமும் தெலுங்கும் பேசிக்கொண்டே வெளியில் தமிழில் யாவாரம் பார்த்தவர்கள். வாசலில் ஓர் அம்மா தலையை நீட்டி, "ரா நைனா, போதாம்" என்று கூப்பிட்டார். அலமாரிக்குப் பின்னாலிருந்து பையன் தமிழில் பதில் சொன்னான்: "இரும்மா, ரெண்டு பக்கந்தான்." தெலுங்கு அவனுக்குக் காதில் இருக்கிறது, நாக்குக்கு வந்திருப்பது தமிழ், கண்ணுக்குத் தெலுங்கு வர வழியே இல்லை.

எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் அந்த அறையில் ஐந்து மொழி கேட்டிருந்தது. பாலக்காட்டுக்காரர் ஒருவர் வந்திருந்தால் ஆறு ஆகியிருக்கும். அலமாரியில் இருந்தவை இரண்டு.

நடுத்தாளை மடித்து வைத்துவிட்டுக் கீழ்த்தட்டுப் பக்கம் குனிந்தேன். தூசிக்கு அடியில் 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' இரண்டு தொகுதி இருந்தது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதியாகக் கொண்டுவந்தது. மொடக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். உலகத்துக் காடுகள், கடல்கள், இயந்திரங்கள் எல்லாவற்றையும் தமிழ்க் குழந்தைக்குத் தமிழிலேயே கொடுத்தார். அதை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நடத்தியவர் தி.சு. அவினாசிலிங்கம், திருப்பூரில் பிறந்தவர். அந்த வித்யாலயத்தை நிறுவியவரும் அவரே.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக அவர் இருந்தபோதுதான், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சி பலித்து, 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படியொரு சட்டம் அதுவே முதல். சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி நூலகத்துக்கு என்று ஆரம்பித்தது. இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. மின்விசிறி, பாய், நாளிதழ், யானைப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பத்துப் பைசா இருக்கிறது. லைன் வீட்டுக்காரர் சொத்து வரியை வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார். ஆகவே, பவுண்டரிக்காரர் மகளுக்கும் இந்த அலமாரியில் பங்கு உண்டு.

எங்கள் சிறுவயதில் அயல்நாடு தமிழ் பேசிக்கொண்டு வரும். மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த வழவழப்பான படப் புத்தகங்கள். விலை மிட்டாய்க் காசு. பனியைக் கண்ணால் பார்க்காத நாங்கள் பனிச்சறுக்கு வண்டி வரைந்தோம். தூரத்து ஊரை நம் மொழியில் படிக்கும் சுகம் அது. இப்போது இந்த நூலகத்தில் வேண்டியிருப்பது அதற்கு மறுபக்கம்: தூரத்து ஊரே நம் தெருவுக்குக் குடிவந்துவிட்டது, அதன் எழுத்தும் நம் எழுத்தும் ஒரே பக்கத்தில் உட்காரவேண்டும்.

இது பெரிய காரியமும் இல்லை. நேஷனல் புக் டிரஸ்ட், ஒரே படக்கதையைத் தமிழ், ஒடியா, தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று பல மொழிகளில் அச்சிடுகிறது. படம் ஒன்றுதான், எழுத்து மாத்திரம் மாறும். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம், மேல்வரி கீழ்வரியாக இருமொழிப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் குழந்தைக் கதைகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். ஒடியாவும் அதில் உண்டு. புத்தகம் இருக்கிறது. பத்துப் பைசாவும் இருக்கிறது.

வேறொன்றும் நினைவுக்கு வந்தது. சிங்கப்பூர் பொது நூலகங்களில் சீனம், மலாய், ஆங்கிலத்தோடு தமிழ்க் குழந்தைகளுக்கும் தமிழ் அலமாரி உண்டு. டொரன்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் இரவல் கிடைக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து போனவரின் பேரன் அங்கே அதை எடுத்து வருகிறான் என்று கேள்விப்பட்டால் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. போன இடத்தில் நம் பிள்ளைக்குக் கிடைப்பதை, வந்த இடத்தில் ஒடியாப் பிள்ளைக்கு நாம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தால் தமிழுக்குக் குறைந்துவிடாதா என்று கேட்பவர்கள் அந்தப் பாயைப் பார்த்திருக்கவேண்டும். தமிழைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளே அவள்தான். ஒடியா எழுத்தும் கூட இருந்திருந்தால், தம்பிக்கு அவள் சொன்ன கதையை ராத்திரி அவள் அம்மாவும் சொல்லியிருப்பாள். கீழ்வரித் தமிழை மகளிடம் கேட்டுத் தானும் கற்றிருப்பாள். அப்புச்சிக்கு நடந்தது அந்த அம்மாவுக்கும் நடந்திருக்கும்.

பதினொன்றரைக்கு அந்த அம்மாவே வந்தார். படி ஏறவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மகள் நூலகரிடம் போய், "இத எடுத்துக்கறனுங்க மேடம்" என்றாள். கொங்குத் தமிழ், ஒரு பிசிறு இல்லை. நூலகர் தேதி முத்திரை குத்தினார். வெளியே, அம்மா அட்டையைப் பார்த்ததும் முகம் விரிந்தது. "குண்டுச்சி" என்றார். உள்ளே இருந்த எழுத்து எதுவும் அவருக்குத் தெரியாது. புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மகளிடமே திருப்பிக் கொடுத்தார்.

பெரியவரும் எழுந்தார். முட்டியில் கை ஊன்றி, பேத்தி தோளைப் பிடித்து. யானை அவர்களோடு போயிற்று.

கிளம்பும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு மேலே, மூன்று வரி தள்ளி, அந்தச் சிறுமியின் பெயர் குண்டு குண்டான தமிழ் எழுத்தில் இருந்தது. பதிவேட்டில் நான்கு கட்டம்: வரிசை எண், பெயர், முகவரி, கையொப்பம். வீட்டில் பேசும் மொழி என்று ஐந்தாவதாக ஒன்று இல்லை. நூலகர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தால் போதும். ஆறு மாதத்தில், எந்தக் கிளைக்கு எந்த மொழியில் எத்தனை படப் புத்தகம் வேண்டும் என்ற பட்டியலைக் குழந்தைகளே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

காந்திபுரம் அனுப்பர்பாளையத்தில் பெரியார் பெயரில் பெரிய நூலகமும் அறிவியல் மையமும் அமைக்க 2024 நவம்பர் 6 அன்று முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். நல்லது. ஆனால் அங்கே போகப் பஸ் ஏறவேண்டும், கூட்டிப்போகப் பெரியவர் வேண்டும். கிளை நூலகத்துக்கு ஊக்கு குத்திய செருப்பே போதும். கோட்டை முதலில் இழுக்கவேண்டியது அந்தப் பதிவேட்டில்தான்.

அடுத்த அரையாண்டுச் சொத்து வரி கட்டும்போது, அதற்குள் நூலகத்தின் பங்கும் போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்தாகிவிட்டது. பக்கத்துக் கதவுக் குழந்தையையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய், புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்.