கந்தக பூமியில் ஒரு கூரைக் கணக்கு: வாளிச் சுண்ணாம்பும் 3 கிலோவாட் சோலாரும்

மதுரையிலிருந்து தெற்கே நான்குவழிச் சாலையில் திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டியதும் இரு பக்கமும் கரிசல் காடு விரிகிறது. சீமைக்கருவேலம், நடுநடுவே பருத்தி, எங்கோ தூரத்தில் ஒரு புகைபோக்கி. சுமார் 45 கிலோமீட்டரில் விருதுநகர். அங்கிருந்து திருத்தங்கல் வழியாக இன்னும் அரை மணி நேரம் போனால் சிவகாசி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எண்ணெய் புரோட்டா சாப்பிடுவார்கள், பட்டாசு வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். அண்ணாந்து கூரைகளைப் பார்ப்பவர் குறைவு. ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்றால்தான் இந்த ஊர்களின் இன்னொரு முகம் தெரியும். ஒரு பக்கம் பழைய ஓட்டு வீடுகள், அதை ஒட்டி சிமென்ட் ஷீட், தகரம், பெயின்ட் காணாத காங்கிரீட். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெயிலில் மின்னும் சோலார் பலகைகள்.

வெயில் இங்கே வெறும் வெயில் இல்லை. அதுதான் முதலீடு. 1922-ல் சிவகாசியிலிருந்து பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த இந்த மண்ணில் தீக்குச்சியும் காகிதமும் பட்டாசும் சீக்கிரம் காய்ந்தன. பிற்பாடு 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வாங்கிய ஊருக்கு அடிப்படை இதுதான்.

அதே வெயில் மாலையில் வீட்டுக்குள் காத்திருக்கிறது.

பட்டாசு ஆலையின் மருந்து அறைகளுக்குள் மின்விளக்கு கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை வாசல் வேண்டும், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. மருந்துக் கலவையை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவது தொழிலின் பாலபாடம். விதிகளை மீறும்போது என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு கோடையிலும் செய்திகளில் படிக்கிறோம். ஆனால், வேலை முடிந்து வேனில் ஏறி வீடு திரும்பும் பெண் படுத்து உறங்கும் அறைக்கு எந்த விதியும் இல்லை. சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே, சுழல்கிற மின்விசிறி அனலைத்தான் அள்ளி வீசும்.

சிமென்ட் ஷீட் என்று ஊரில் சொல்லப்படுவது ஆஸ்பெஸ்டாஸ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மாவட்டத்தின் மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கொட்டிக் கிடக்கிறது. பந்தல்குடிப் பக்கம் சுரங்கங்கள் இருக்கின்றன. ஆர்.ஆர்.நகரில் ராம்கோவின் சிமென்ட் ஆலை 1960-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை எழுந்தது (தென்காசிப் பக்கம் இருக்கும் ஆலங்குளம் வேறு). அதே ஆலங்குளத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தயாரானது. வீட்டைக் கொதிக்கவைக்கும் கூரையும், அதைக் குளிரவைக்கும் சுண்ணாம்பும் ஒரே மாவட்டத்துச் சரக்கு!

விருதுநகரின் பழைய வணிகர் வீடுகளைக் கட்டிய கொத்தனார்களுக்கு இந்தச் சுண்ணாம்பின் அருமை தெரிந்திருந்தது. உயரமான சுவர், நடுவில் வானம் பார்த்த முற்றம், மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம், அதன்மேல் தட்டோடு. கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துக் குழைத்த கலவை அது. காங்கிரீட் வந்ததும் செலவைக் குறைக்க முதலில் கைவிடப்பட்டது அந்த மேல்பூச்சுதான். அரசுத் தொகுப்பு வீடுகளில் பலவும் வெறும் காங்கிரீட் தளத்தோடு நின்றுவிட்டன. வெறும் காங்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் கடனாக வாங்கி, ராத்திரி வட்டியோடு வீட்டுக்குள் இறக்கும். ஷீட் அப்படிக் காத்திருக்காது. காலை பத்து மணிக்கே சூட்டை இறக்க ஆரம்பித்துவிடும்.

ஃபேன் கணக்கு

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் வீடுகளுக்கு இலவசம். 75 வாட் இழுக்கும் பழைய சீலிங் ஃபேன் ஒன்று தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இரண்டு ஃபேன் என்றால் 108. அதாவது, லைட்டே போடாமல், டிவியே பார்க்காமல் இலவச எல்லை தாண்டிவிட்டது. 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி ஃபேன் இரண்டு மாட்டினால் அதே நேரத்துக்கு 43 யூனிட்தான் ஆகும். சோலார் பற்றி யோசிப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு இது.

சோலார் கணக்கு வேறு. மத்திய அரசின் 'பி.எம் சூர்ய கர்' திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. இலக்கு ஒரு கோடி வீடுகள். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 720 யூனிட்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கு? 500 யூனிட்டைத் தாண்டிப்போய், கட்டண அட்டவணையே மாறி, பில்லைப் பார்த்துப் பதறும் ஏ.சி வீடுகளுக்கு மிகவும் நல்லது. சொந்தக் காங்கிரீட் மாடி, தங்கள் பெயரில் மின் இணைப்பு, மானியம் கணக்கில் ஏறும்வரை முழுத் தொகையைப் போடவோ கடன் வாங்கவோ தெம்பு எல்லாம் அவர்களுக்கு உண்டு. சிமென்ட் ஷீட் வீட்டில் 150 யூனிட் ஓட்டும் குடும்பம் இரண்டு மாதத்துக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய்தான் கட்டுகிறது. அந்த வீட்டுக்கு சோலார் போட்டால் முதலீட்டை எடுக்க எத்தனை தீபாவளி ஆகும்? அதைத் தாங்குகிற கூரையும் அங்கே இல்லை. அதிகம் வேகிற வீட்டுக்குக் குறைவான உதவி என்பதுதான் இன்றைய நிலைமை.

இத்தனைக்கும் பலகைக்கும் வெயில் அதிகமானால் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பலகையின் திறன் 0.3 முதல் 0.4 சதவிகிதம் வரை இறங்கும். சித்திரை மதியத்தில் பலகை 60 டிகிரியைத் தொடும். கந்தக பூமியில் ஒளியும் ஒரு சுமைதான்.

ஷீட் வீட்டுக்கு முதல் மருந்து வெள்ளைப்பூச்சு. சுண்ணாம்பை ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, ஃபெவிகால் கலந்து, இரண்டு கை அடிக்கிறார்கள். கடையில் கூல் ரூஃப் பெயின்ட் என்று கேட்டாலும் கிடைக்கும். விலை கூடுதல், உழைப்பு நீளம். வீட்டுக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை சூடு குறையும். சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரைந்துவிடும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும். ஷீட்மேல் நேராகக் கால் வைக்கக் கூடாது. கீழே சட்டம் இருக்கும் இடம் பார்த்துப் பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். ஆஸ்பெஸ்டாஸை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ துளைபோடவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

ஊர் சேர்ந்தால்...

அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த மாதத்தில் மட்டும் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். 2013-ல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. 2017-ல் குடிசைப் பகுதிகளில் 3,000 கூரைகளுக்கு வெள்ளையடிக்கப்பட்டது. 'மகிளா ஹவுசிங் டிரஸ்ட்' என்ற அமைப்போடு சேர்ந்த உழைக்கும் பெண்கள், தங்கள் தெருவின் கூரைகளைத் தாங்களே கணக்கெடுத்து, பக்கத்து வீட்டுக்காரர்களைச் சம்மதிக்கவைக்கும் வேலையைச் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஒரு ஷீட் வீட்டுக்கு வெள்ளையடிக்க அதில் ஒரு சிறு துளி போதும்.

பக்கத்திலேயே ஓர் ஊராட்சி வழிகாட்டியிருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை. 1996 முதல் 10 ஆண்டுகள் தலைவராக இருந்த ஆர்.சண்முகம் காலத்தில் குடிநீர் இறைக்கும் மோட்டாரின் மின்கட்டணம் ஊராட்சிப் பணத்தை விழுங்கியது. முதலில் மரக்கழிவில் ஓடும் மின் உற்பத்திக் கலன். பிறகு 2006-ல், ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சத்தோடு மீதியை வங்கியில் கடன் வாங்கி, 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் அதை நிறுத்தினார்கள். ஊரின் தேவைக்குப் போக மிச்ச மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்பனையானது. 2011-ல் தமிழக அரசு 1.80 லட்சம் ரூபாயில் பசுமை வீடுகள் திட்டத்தை அறிவித்தபோது (300 சதுர அடி வீடு, அதில் சோலார் விளக்குகளுக்கு மட்டும் 30,000), ஓடந்துறை வரிசையில் முன்னால் நின்றது. பசுமை வீடுகள் விருதுநகர் மாவட்டத்துக்கும் வந்தன. ஓடந்துறையில் கூடுதலாக இருந்தது, வீடு வீடாகக் கணக்குப் பார்த்து மனு எழுதிக் கொடுத்த ஊராட்சி.

விருதுநகருக்கு இந்தப் பழக்கம் ஓடந்துறைக்கு வெகு காலம் முன்பே தெரியும். விருதுபட்டியாக இருந்த காலத்தில், 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்தார்கள். வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். பிறகு அவர் முதலமைச்சரானபோது, தாயார் சிவகாமி அம்மாள் வீட்டுக்குள் தனியாகப் போட்ட குடிநீர்க் குழாயை எடுக்கச் சொன்னார் என்பது இந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. தெருவுக்கு வராதது தன் வீட்டுக்கு வேண்டாம் என்பது அவர் கட்சி.

கூரை விஷயத்தில் இன்னும் ஒவ்வொரு வீடும் தனித்தனியாகத்தான் போராடுகிறது. தனி வீட்டுக்கு ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டால் அரை நாள் வேலைக்கும் முழுக் கூலி. பத்து வீடு சேர்ந்தால் அதே ஆள் ஐந்து நாளில் முடிப்பார், சுண்ணாம்பும் மொத்த விலைக்கு வரும். இதில் பட்டாசுத் தொழிலாளிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கையில் போனஸ் வருவது தீபாவளிக்கு. அப்போது அடைமழைக் காலம், வெள்ளையடித்தால் நிற்காது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். பங்குனி வரும்போது போனஸ் பணம் கரைந்திருக்கும். மகளிர் குழுக்களில் வாரச் சந்தாவோடு கூரைக்கென்று ஒரு சிறு தொகை சேர்ந்தால் இந்த இடைவெளியை அடைக்கலாம். வாடகை வீடுகளில் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். தெருவே கேட்டால் மறுப்பது கொஞ்சம் கடினம்.

அரசுப் பணமும் எட்டாத தூரத்தில் இல்லை. 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2,000 கோடி ரூபாயில் திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டது. குடிசைகளை மாற்ற 'கலைஞரின் கனவு இல்லம்' வீட்டுக்கு 3.50 லட்சம் தருகிறது. புதிய காங்கிரீட் தளம் போடும் நாளிலேயே மேலே வெள்ளை ஓட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு கேட்டால் அது தனிச்செலவு. சூர்ய கர் திட்டத்தில்கூட, 5,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களிடையே போட்டி வைத்து, மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சோலார் கிராமத்துக்கு ஒரு கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்கும் இடம் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு கூட்டங்களில் ஒன்று மார்ச் 22. அப்போது விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கு வீடுகள் தயாராகிக்கொண்டிருக்கும், எப்படியும் சுவருக்கு வெள்ளையடிக்க வாளியில் சுண்ணாம்பு ஊறும். அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும்.